அலுமினியத் தட்டில் இருந்த கிட்டார்

நான் ஒருமுறைகூடக் கேட்காத ஒலிப்பதிவு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது என் கையில் இருந்தது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எங்கள் வீட்டு பீரோவின் மேல் துணி சுற்றிக் கிடந்தது. இனி அதை யாரும் கேட்க முடியாது.

பழைய ஜாஸ் கிட்டார் ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். வடக்கனந்தல் பக்கத்தில், கூலிக்குப் போகும் வீட்டில் பிறந்தவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரியின் கணினி அறையில் வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் மூடாமல் விட்டுப்போன பக்கத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினேன். எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இரைச்சலுக்குப் பின்னால் ஒரே ஒரு கிட்டார். வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தொடப்போகிறார் என்று நினைக்கும்போது தொடாமல் பக்கத்தில் சறுக்கினார். அப்புறம் சாவகாசமாகத் திரும்பி வந்து அதைத் தொட்டார். என் பாட வேளை முடிந்து மணி அடித்தும் எழவில்லை.

சினிமாப் பாட்டைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்த தோழிகள் விடுதியில் இருந்தார்கள். நான் பக்கத்தில் போனால் அவர்கள் பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புவார்கள். இந்த இசைக்கு எங்கள் பக்கம் சொந்தக்காரர் யாரும் இல்லை. வாசலில் நின்று யார் வீட்டுப் பெண் என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், முதலில் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவள் நான், இதைக் கண்டுபிடித்தவளும் நான். அந்தக் கர்வத்தை நான் மறைத்ததில்லை.

இணையத்தில் இந்தப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் குழு ஒன்றில் சேர்ந்தேன். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருப்பவர்கள், தங்களிடம் உள்ள பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். என்னிடம் கொடுக்க என்ன இருக்கிறது? நான்கு வருடம் வாங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் யாரோ ஒருவர், இந்தியாவிலிருந்து ஒரு கை நீளுகிறது, எப்போதும் அது உள்ளங்கை மேல் நோக்கித்தான் இருக்கிறது என்று எழுதினார். பலர் சிரிப்புப் படம் போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இலவசச் சீருடை, இலவசப் புத்தகம், இலவச சைக்கிள் என்று வாங்கி வாங்கித்தான் இங்கே வந்திருக்கிறேன். இங்கேயுமா?

அப்போது கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை கிடைத்திருந்தது. திங்கள் காலை பஸ்ஸில் ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவேன். சனிக்கிழமைகளில் கள்ளக்குறிச்சி கடைகளில் பழைய ரெக்கார்டு கேட்டு அலைய ஆரம்பித்தேன். கிடைத்ததெல்லாம் கல்யாண வீட்டில் தேய்ந்த சினிமாத் தட்டுகளும் பக்திப் பாடல்களும்தான். மைக் செட் கடை வைத்திருந்த ஒருவருக்கு என் போனில் ஒரு கிட்டார் பதிவைப் போட்டுக் காட்டி, "இந்த மாதிரி ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "இன்னா டீச்சர், பாடறவரு வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி?" என்றார்.

அந்தக் கடைக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது. கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் கிட்டாரா தேடறீங்க? எங்க அத்தா ஒண்ணு வெச்சிருந்தாரும்மா."

அவருடைய தகப்பனார் வாலிபத்தில் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளுக்கு டீ கொண்டுபோகும் வேலையில் இருந்திருக்கிறார். அங்கே இரவு விருந்துகளுக்குக் கிட்டார் வாசித்த ஒருவர், ஒத்திகையின்போது தன் வாசிப்பைத் தட்டில் பதிவு செய்திருக்கிறார். கடைசியில் இவர் டீயோடு உள்ளே போக, கிட்டார்க்காரர் பதிவை நிறுத்தாமல் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, அதுவும் பதிவாகிவிட்டதாம். அவர் நாட்டை விட்டுப் போகும்போது அந்தத் தட்டை இவரிடமே கொடுத்துவிட்டார்.

"அத்தா மௌத்தாகி ரொம்ப வருஷம் ஆச்சி. ஒரு போட்டோ கீது. குரலு எங்கியும் இல்ல. இது ஒண்ணுலதான் கீது. போட்டுக் கேக்க எங்களுக்கு வழி தெரியல" என்றார் பாய்.

மறு வாரம் வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். தொட்டதுமே புரிந்தது. அது கடையில் விற்ற இசைத்தட்டு இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு மெழுகு போன்ற பூச்சு ஏற்றி, அதில் ஊசியால் நேராக வெட்டியது. அந்த வகைத் தட்டுக்குப் பிரதி கிடையாது. உலகத்தில் அது ஒன்றுதான். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் 'கிட்டார், ஒத்திகை' என்று எழுதியிருந்தது. கறுப்பின் மேல் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"ஒரு மாசத்துல உங்க போன்லயே கேப்பீங்க பாய்" என்றேன்.

"எங்க அம்மாகிட்ட சொல்லிடட்டா? உசிரோட கீறாங்க. கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"சொல்லுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

படம் பிடித்துக் குழுவில் போட்டேன். என்னைக் கேலி செய்தவர்தான் முதலில் வந்தார். விளிம்பைத் தவிர எங்கேயும் கை படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, சூடு படக்கூடாது, சாதாரண ஊசியை வைத்தால் பூச்சு பெயர்ந்து வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். பெங்களூரில் இருந்த ஒருவர், தன்னிடம் சரியான கருவி இருக்கிறது, ரயிலேறி வந்தால் அன்றைக்கே ஏற்றித் தருகிறேன் என்றார். வெள்ளை பூத்திருப்பதால் நாள் கடத்த வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் போகவில்லை. அவர் ஏற்றினால் அவர் ஏற்றியதாகத்தான் இருக்கும். கொண்டுவந்து கொடுத்த பெண் என்று என்னை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மெல்லிய ஊசி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தேன். என் கையால், என் வீட்டில், என் பெயரில் அது வெளியே போக வேண்டும். ஊசி வரும் வரை தட்டு பீரோ மேல் இருக்கட்டும்.

என் அம்மா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறாள். மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவுவது, கழுவுவது, அரைத்த மாவைத் தண்ணீரில் தெளியவைத்து எடுப்பது, களத்தில் பரப்பிக் காயவைப்பது. பதினாறு வயதிலிருந்து இதுதான். தட்டைக் கொண்டுவந்த அன்று கேட்டாள்.

"இன்னாது பாப்பா இது?"

"பழைய தட்டு. தொடாத."

"எதுக்குன்னு சொல்லேன்."

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை நான்கு விதமாகச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

அடுத்த வாரங்களில் வெள்ளை கூடிக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிரித்துப் பார்த்து, வாய்விட்டே புலம்பினேன். "இப்படியே பூத்துக்கிட்டுப் போனா ஒண்ணும் மிஞ்சாது." அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மலைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினால்தான் சிக்னல் வரும். அந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போன் பேச நான் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா எதிரே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கண்ண மூடு. உனுக்கு ஒண்ணு வெச்சிக்கினு கீறேன்."

நான் கண்ணை மூடவில்லை. அவள் முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். வெள்ளை வெளேரென்ற ஓர் அலுமினியத் தகடு. நடுவில் ஓட்டை. என் முகம் அதில் மங்கலாகத் தெரிந்தது.

"பளபளன்னு கீது பாரு. ராத்திரி தொட்டியில ஊற வெச்சேன். காலைல மாடியில வெயில்ல போட்டேன். மத்தியானம் வந்து பாத்தா கருப்புத் தோலு தானா வெடிச்சிக்கினு வந்துச்சி, கிழங்குத் தோலு மாரி. நகத்தால நெம்பி எடுத்துட்டேன். ஒரு கீறலு இல்ல."

"தோலா?"

"பூஞ்ச புடிச்ச தோலு. தோலு போனாதான உள்ள இருக்கறது நல்லா இருக்கும்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. கூலிக்காரி, கைநாட்டு என்ற சொற்கள் அதில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைச் சொல்லும்போது நான் சண்டைக்குப் போன அதே சொற்கள். மாடிக்கு ஓடினேன். சிமெண்ட் தரையில் கறுப்புச் செதில்கள் கிடந்தன. காற்று பாதியைக் கொண்டுபோயிருந்தது. ஒன்றை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தன. அது கிட்டாரா, டீ கொண்டுவந்தவரின் குரலா, எனக்குத் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவிலேயே தூளாகிவிட்டது.

கீழே வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்றிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"சொன்னா புரியாதுன்ன. ஒரு தபா சொல்லிப் பாத்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

குழுவில், தட்டு அழிந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன். யாரும் கேலி செய்யவில்லை. உள்ளங்கையைப் பற்றி எழுதியவர்கூட மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பதில் அவர் பழையபடி கேலியே செய்திருக்கலாம். பெங்களூர்க்காரர் ஒன்றுமே எழுதவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். சேர்த்து வைத்திருந்த பதிவுகள் கணினியில் அப்படியே இருக்கின்றன. ஒன்றைத் திறந்தாலும் கிட்டாரைக் கேட்க முடிவதில்லை. அது முடியும் இடத்துக்கே காது போகிறது, யாராவது உள்ளே வந்து பேசப்போகிறார்களா என்று.

அந்தச் சனிக்கிழமையே தகட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். பாய் பிரித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, மொத்தமா எறங்கிடுச்சா! எல்லாம் போனுக்கு வந்துடுச்சா டீச்சர்?" தன் போனை எடுத்துச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார். "இதுல ஏத்திடுங்க. அம்மாகிட்ட இப்பவே எடுத்துக்கினு போறேன்."

ஒரு கணம் எனக்குள் ஒரு கீழ்த்தரமான யோசனை ஓடியது. என்னிடம் நூற்றுக்கணக்கில் தனிக் கிட்டார்கள் இருந்தன. ஒன்றை ஏற்றிவிட்டு, குரல் மட்டும் தேய்ந்துவிட்டது பாய் என்று சொன்னால் நம்புவார். போனைக்கூடக் கையில் வாங்கிவிட்டேன். பிறகு மேசை மேல் வைத்தேன்.

"இல்ல பாய். அழிஞ்சி போச்சி. எங்க வீட்ல கழுவிட்டாங்க." அப்போதும் என் வாயில் வந்தது அம்மாதான். பிறகுதான் என்னைச் சொன்னேன். "நான்தான் நாள் கடத்திட்டேன். பெங்களூர்ல ஒருத்தர் அன்னிக்கே பண்ணித் தர்றேன்னாரு. நான் போகல."

"ஏன் போவல?"

தகட்டைச் சுற்றி வந்த காகிதத்தை எடுத்து மடித்தேன்.

"நீங்களாவது கேட்டீங்களா? அத்தா இன்னா சொன்னாருன்னு?"

"இல்ல பாய்."

ஓர் அம்மாள் இட்லிப் பானை விலை கேட்டு வந்து நின்றார். பாய் எழுந்து எடுத்துக் கொடுத்தார், மூடியைத் தட்டிக் காட்டினார், கட்டிக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தகட்டை என் பக்கம் தள்ளினார்.

"இத்த எடுத்துக்கினு போயிடுங்கம்மா. வூட்ல வேணாம். அம்மா தெனமும் கேக்கறாங்க. டீச்சர் இன்னும் மலையிலேர்ந்து எறங்கலன்னு சொல்றேன். வயசாயிடுச்சி அவங்களுக்கு. ஜாஸ்தி நாளு சொல்ல வேண்டியிருக்காது."

இப்போதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கள்ளக்குறிச்சியில் வேலை இருந்தால் அந்தக் கடைத்தெருவுக்குள் போவதில்லை. சில வெள்ளிக்கிழமைகளில் மலையிலேயே தங்கிவிடுகிறேன்.