அத்தை அழுத சாவு

திருப்பதி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் காசநோய் என்றதும் நகரியில் எங்கள் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு வந்தது. இரண்டு மாத மாத்திரைக்குப் பின், இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிய சீட்டை, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவளான நான் உரக்க வாசித்தேன். தட்டு மாறவில்லை.

அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்த என் அத்தை, அவர் அறையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் சீரியலில் கதாநாயகியின் தகப்பன் நோயில் செத்துப்போக, முந்தானை நனைய அழுதாள். பக்கத்து அறையில் அப்பா இருமினார்.

"சவுண்டு ஏத்துடி. இவன் இருமிக்கினே கீறான், ஒண்ணும் கேக்கல."

டிவியை அணைத்தேன். "உயிரோட கீற நைனாவப் போய்ப் பாரு, அத்தே."

"படிச்ச திமிரு!"

"ஆமா, திமிருதான்."

அப்பாவின் தட்டில் சோறு போட்டு அவள் எதிரிலேயே தின்றேன். மறுநாள் அத்தை எனக்கும் ஒரு தனித் தட்டு வைத்தாள்.