இலந்தையடிக் கல்லூரியின் நாற்பத்தேழு ஆண்டுகள்

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தவரத்தினத்தாரைத் தெரியாத ஆள் இருக்கலாம். அவரிடம் திட்டு வாங்காத பழைய மாணவர் சங்கம் இல்லை. முப்பத்தாறு வருடமாக ஒரே பலசரக்குக் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி இறக்குகிறார். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர், யாழ்ப்பாணக் கல்லூரிகள் ஒன்பதின் பாரிஸ் கிளைகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு ஒன்றியத்துக்கு வரலாற்றுச் செயலாளர். கல்லூரி என்று பெயர், எல்லாம் பள்ளிக்கூடங்கள்தான்.

விளையாட்டு ஒன்றியத்துக்கு எதற்கு வரலாற்றுச் செயலாளர் என்று கேட்பவர்கள் எங்கள் அணிவகுப்பைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் ஒரு மைதானத்தில் கூடுவோம். ஓட்டம், கயிறிழுத்தல், தின்ன ரோல்ஸ் எல்லாம் உண்டு. ஓடுகிற பிள்ளைகள் அந்தக் கல்லூரிகளைக் கண்ணாலும் கண்டதில்லை. எந்த ரீ-சேர்ட்டின் நிறம் பிடிக்கிறதோ அந்தக் கல்லூரிக்கு ஓடுவார்கள். யார் வென்றது என்பது பின்னேரத்துக்குள் மறந்துவிடும். மறக்காதது அணிவகுப்பு. பழமையான கல்லூரி முதலில் போகும், இளையது கடைசியில். அந்த வரிசைக்காக, தொப்பை விழுந்த மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஐந்து கல்லூரிகள். எங்கள் தலைவர் றொஜரின் கல்லூரி அப்போது 1876இல் பிறந்தது. இன்னொரு கல்லூரி தான் 1870 என்று சொன்ன அடுத்த மாதமே றொஜருக்கு ஏதோ பாதிரியாரின் நாட்குறிப்பு கிடைத்து, அவருடைய கல்லூரி 1852இல் பிறந்துவிட்டது. பாலையடிக் கல்லூரிக்காரர் கயிறிழுத்தலில் நடுவரோடு முறுகிக்கொண்டு வெளியேறினார்கள். நான்கு வருடம் தங்களுக்குள்ளேயே போட்டி வைத்து, எல்லாப் பரிசையும் தாங்களே எடுத்து, அலுத்துப்போய்த் திரும்பி வந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியவர் தவரத்தினத்தார்தான். ஒரு கூட்டத்தில் எழும்பி நின்று, "பள்ளிக்கூட அதிபரின்ர முத்திரை குத்தின கடிதம் கொண்டாங்கோ. அதில என்ன ஆண்டு கிடக்கோ அதுதான் ஆண்டு. மற்றக் கதை ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார்.

நான் என் கல்லூரிக்கு 1911 என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடிதம் 1923 என்று வந்தது. எல்லோருக்கும் முன்னால் சிவப்புப் பேனையால் வெட்டினார். நான்காம் இடம் தப்பியது, மானம் தப்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு, மறைக்க மாட்டேன்.

அவருடைய இலந்தையடிக் கல்லூரி 1948இல் தொடங்கியது. அதனால் ஒன்பதாவது, கடைசி. அதிலும் அவருக்கு ஒரு தடிப்பு. அந்தக் கல்லூரியில் பிள்ளைகளைப் பதிகிற சேர்வு இடாப்பில் முதலாம் இலக்கம் அவருடைய தகப்பன் சின்னத்துரை. முதல் கொட்டில் போடும்போது எட்டு வயதில் மண் சுமந்த பிள்ளை. அணிவகுப்பில் பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு தவரத்தினத்தார் மேடையைக் கடக்கும்போது இதை அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் சொல்லியே ஆகவேண்டும். "கடைசியாப் போனாலும் பொய் சொல்லாமல் போறம்" என்பார் எங்களைப் பார்த்து. எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் முப்பதாவது போட்டி. ஒன்பது கல்லூரிகளின் வரலாற்றையும் புத்தகமாகப் போடுவதென்று தீர்மானித்து, எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். எல்லா அதிபர்களிடமும் புதிதாகக் கடிதம் கேட்டார். இலந்தையடிக்கு வந்திருந்த புது அதிபரின் கடிதம், "1901ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எமது கல்லூரி" என்று தொடங்கியது. கீழே வட்ட முத்திரை.

அவருக்குத் தெரியாதா 1948 என்று? நன்றாகத் தெரியும். ஆனாலும் நான்காம் இடம் வந்து கதவைத் தட்டும்போது யார்தான் திறக்காமல் இருப்பார்கள்? முத்திரை முத்திரைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, 'இருளில் கிடந்த நாற்பத்தேழு ஆண்டுகள்' என்று ஒரு அத்தியாயமே எழுதினார். பெயர் தெரியாத ஒரு பெரியவரையும் ஒரு மரத்தடியையும் கற்பனையில் பிடித்துப் போட்டார். நான் ஐந்தாம் இடத்துக்குப் போனேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு நடந்ததை அவருடைய மனைவி கோசலை அக்காவே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

மகள் மிருணாளினி நகரசபையில் சங்கங்களின் பதிவைப் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இலந்தையடியின் பக்கத்தில் கல்லூரி வாசல் வளைவின் படம் இருந்தது.

"அப்பா, அப்பப்பாதானே அங்கை நம்பர் ஒண்டு? 1948?"

"ஓம் பிள்ளை."

"அப்ப 1901இல இருந்து அங்கை ஆர் படிச்சது?"

"அது இருண்ட காலம்."

அவள் படத்தை மறுபடி பார்த்தாள். வளைவில் கல்லூரிச் சின்னம், பெயர், அதற்குக் கீழே 1901. எழும்பிப் போய்த் தகப்பனின் பழைய மாணவர் சங்கக் கடிதத்தாள் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அதே சின்னம், அதே பெயர். கீழே பிரெஞ்சில், 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கம் என்று ஒரு வரி.

"இது பிரான்சில எல்லாச் சங்கமும் போடுறது அப்பா. சட்டம் வந்த வருசம். நாய் வளக்கிறவையின்ர சங்கமும் போடும்."

அடுப்படியிலிருந்து கோசலை அக்கா, "அப்ப அவையையும் உங்களோட நாலாவதா நடக்க விடுங்கோ" என்றார்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் அந்த வளைவைக் கட்டிக் கொடுத்ததே தவரத்தினத்தாரின் சங்கம்தான். மாதிரிக்கென்று இவர் இந்தக் கடிதத்தாளை அனுப்பினார். மேசன் பிரெஞ்சை விட்டுவிட்டு 1901ஐ மட்டும் எழுதினான். புது அதிபர் வளைவைப் பார்த்துக் கடிதம் எழுதினார். இவர் கடிதத்தைப் பார்த்து வரலாறு எழுதினார்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழும்பி எல்லாவற்றையும் சொன்னார்.

"என்ர ஐயாவை நானே இடாப்பில இருந்து வெட்டிப்போட்டன். பழையபடி கடைசியில விடுங்கோ. புத்தகத்தில திருத்தம் ஒட்டுவம்."

றொஜர் கதிரையில் சாய்ந்தார். "முத்திரைதான் ஆதாரம் எண்டு சொன்னது ஆர் அண்ணை? ஒண்டைக் கிண்டினா எல்லாத்தையும் கிண்ட வேணும். விடுங்கோ."

வாக்கெடுப்பு நடந்தது. திருத்தம் வேண்டாமென்று எட்டுக் கை உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது. என் சட்டைப்பையில் அன்று ஒரு கடிதம் இருந்தது. எங்கள் அதிபருக்குத் தொல்லை கொடுத்து எடுப்பித்தது, முத்திரையோடு, 1895 என்று. அடுத்த வருடம் அது என்னை மூன்றாம் இடத்தில் விடும். முத்திரைக்கு மதிப்பில்லையென்றால் நான் என்ன செய்வேன்?

போட்டி நாளன்று அணிவகுப்பு தொடங்கியது. எனக்கு முன்னால் தவரத்தினத்தார், கையில் 1901 என்று எழுதிய பலகை. மேடைக்கு இருபது அடி இருக்கும்போது நின்றுவிட்டார். நானும் நின்றேன். எனக்குப் பின்னால் நான்கு கல்லூரிகளும் நின்றன. மூத்த கல்லூரியை முந்துவது எங்களிடம் கொலைக்குச் சமம். றொஜர் ஒலிவாங்கியில் கத்தினார். பாண்ட் வாத்தியம் மட்டும் தன்பாட்டுக்குப் போனது.

"என்னண்ணை, கால் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டேன்.

"நீ போ தம்பி" என்று ஓரமாக விலகினார்.

போனேன். மற்ற நான்கும் போயின. எல்லோருக்கும் பின்னால் அவர் வந்தார், நீல ரீ-சேர்ட் போட்ட பிள்ளைகளோடு, பலகையைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு. அறிவிப்பாளரிடம் அதற்கு வாசகம் இல்லை. அவரே மேடையைப் பார்த்து, ஒலிவாங்கி இல்லாமல் சொன்னார்.

"1948. முதலாம் இலக்கம், சின்னத்துரை. நான் மகன்."

அடுத்த வருட வரிசைக்கான கடிதங்களைக் கொடுக்கும் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. என் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. கிழிக்கவுமில்லை.