நடக்காமல் எழுதாத நாலெல்லை அக்கா

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஏழு மேசைகள். மூன்றாவது மேசை நாலெல்லை அக்காவுடையது. அவளுடைய சொந்தப் பேர் பதிவாளருக்கே மறந்துபோய் இருபது வருஷமாகிறது.

மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பிரித்துவைத்து, வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுப்பாதை என்று அப்படியே இறக்கிவிடுவார்கள். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அக்கா மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் நாலு எல்லையையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பாள். தொழிலுக்கு வந்த புதிதில் அவளும் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதியவள்தான். அப்படி எழுதிக்கொடுத்த ஒரு மனைக்காகக் கொத்தனார் ஒருவர் ஆறு வருஷம் கோர்ட்டுப் படி ஏறினார். மனுஷன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்தம்மா எழுதி முடிக்கறதுக்குள்ள நிலமே நகர்ந்து போயிடும்" என்பார் நாலாவது மேசைக்காரர். அவர் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை.

அவளுடைய தம்பி பஸ் டிரைவர். வாடகைக்கு விட ரெண்டு வீடு கட்டவேண்டும் என்று ஒரு மனையைப் பேசி முடித்தான். அக்காவிடம் சொன்னால் இழுத்தடிப்பாள் என்று சொல்லாமலே ஒப்பந்தம் போட்டு, பதினெட்டு வருஷச் சேமிப்பில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட்டான். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது பழைய பத்திரத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, இதை அப்படியே பாத்து எழுதிக் குடு. கெடு தாண்டினா முன்பணம் போயிடும்."

அக்கா செருப்பை மாட்டினாள்.

"சொந்தத் தம்பிக்குக் கூடவா?"

"தம்பிங்கறதாலதான்."

வில்லங்கச் சான்றில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்திரம் தெற்கே காட்டிய பாதையில் பாசி பிடித்த மதில் ஒன்று நின்றது. மற்ற மூன்று பக்கமும் வீடுகள். பக்கத்து வீட்டம்மாவைக் கெஞ்சி, அவர்கள் சமையலறை வழியாகத்தான் அக்கா மனைக்குள் இறங்கினாள்.

"வீட்டைக் கட்டிட்டு உள்ள எப்படிடா போவே? பறந்தா?"

"பாதையை வாங்கித் தர்றேன்னு மனைக்காரர் வாக்குக் குடுத்திருக்காருக்கா."

"அதை நம்பி, இல்லாத பாதையை இருக்குன்னு எழுத மாட்டேன். ஒப்பந்தத்தைக் காட்டு, பாப்போம்."

"உன் மேசை ஒண்ணுதான் இருக்குதா?" என்று பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். அம்மா போனபிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. பணத்தோடு தம்பியும் போய்விடுவானோ என்று அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவன் மனைக்காரரோடு வந்து நாலாவது மேசையில் உட்கார்ந்தான். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஏம்ப்பா, பக்கத்துலயே உங்கக்கா இருக்காங்களே, எழுதலையா?" என்று மேசைக்காரர் கேட்டார்.

"மாட்டேங்குது."

"இடத்தைப் பாத்தாங்களா?"

"பாத்துச்சு."

நாலாவது மேசைக்காரர் பேனாவை மூடினார். "அப்ப என்னால ஆகாதுப்பா. ஒப்பந்தம் இருந்தா எடு." படித்துவிட்டு ஒரு வரியில் விரல் வைத்தார். "தெற்குப் பாதை உரிமையோடன்னு இவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. பாதையைத் தராம இவரு கெடு பேச முடியாது."

மனைக்காரர் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு ஐந்தாவது மேசைக்குப் போனார். கூலி இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார். "அக்கா எழுத மாட்டேன்னுட்டாங்களாமே" என்று அங்கே கை விரித்தார்கள். ஆறாவது மேசையிலும் அதே பதில். ஏழாவது மேசைக்காரரும் முதல் ரெண்டு மேசைக்காரர்களும், மனைக்காரர் வாயைத் திறக்கும் முன்பே முடியாதென்று தலையாட்டிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் மனைக்காரர் திருப்பித் தந்த முன்பணம் முழுசாக மூன்றாவது மேசைக்கு வந்து சேர்ந்தது. தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது. அக்கா குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடினாள். தேட ஒன்றுமில்லை, முகத்தில் பொங்கிய கர்வத்தை ஆறு மேசையும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.