போணிக்குப் போன கை

இன்று காலை அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் என் மகள் அரசாங்கக் கடனில் தையற்கடை திறந்தாள். போணி நான்தான். இதே தெருவில் எட்டு வயதிலும் போணிக்குக் கை நீட்டியிருக்கிறேன்.

அப்போது தெரு செத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் சாக்கடை கடைக்குள் வரும். ஜனங்கள் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய்விடுவார்கள். சாக்கடையை மூடித் தெருவைச் சீராக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. பாத்திரக்கடை வைத்திருந்த அப்பாதான் கடை கடையாக ஏறி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். தோண்டினார்கள். தோண்டியது தோண்டியபடி கிடந்தது. பள்ளம் தாண்டி ஒருவரும் வரவில்லை.

"உம்ம பேச்சக் கேட்டுல்லா இந்தக் கதிக்கு வந்தோம்" என்று எதிர்க்கடை மளிகைக்காரர் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கதவை அடைத்தார். மற்றவர்களும் அடைத்தார்கள். பார்க்க வந்த அதிகாரி, வியாபாரமே இல்லாத தெருவுக்குப் பணம் எதற்கு, நாளையும் இப்படியே இருந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்றார். பள்ளம் மட்டும் எங்களுக்கு. அன்று அப்பா சாப்பிடவில்லை. அடைத்தவர்களுக்கும் பயம்தான், ஆனால் முதலில் திறப்பவர் தோற்றவர் ஆகிவிடுவாரே.

மறுநாள் காலை அத்தை எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டுக் கையில் சில்லறையைத் திணித்தாள். "ஏளா, ஒனக்குக் கைராசி உண்டு. போணிக்கு வந்திருக்கேன்னு மட்டும் சொல்லு."

போணிக்கு வந்த பிள்ளையை எங்கள் ஊரில் எந்த வியாபாரியும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். பலகைமேல் பள்ளம் தாண்டிப் போனேன். மளிகைக்காரர் அடைத்த கதவுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், எதிரே நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"கைராசிக்காரப் பிள்ள வந்திருக்கு. எப்படி வே திருப்பி அனுப்ப?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தார்.

வெல்லம் வாங்கினேன். அடுத்த கடையில் நாடா, அதற்கடுத்ததில் ஒரு பூட்டு. நான் போகப் போகக் கதவுகள் திறந்தன. அதிகாரி வந்தபோது, டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு பலகைமேல் நடந்து கடைதோறும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பணம் வேறு ஊருக்குப் போகவில்லை, வேலை மறுபடி தொடங்கியது. தீபாவளிக்குப் புதுத்தளத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பா கடையில் வாங்கிய குத்துப்போணிப் பாத்திரங்களை ஜனங்கள் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே நான் ராணியைப்போல நடந்தேன்.

என் கைதான் தெருவைத் திறந்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அடைத்த கடையின் வாசலில், விடிந்ததிலிருந்து, சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் யாருக்காகக் காத்திருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.