பன்னிரண்டு ரிஜெக்ட் பனியனும் ஓர் ஒலிம்பிக் பொய்யும்

புதுப் பனியனை முகர்ந்தால் மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். நெஞ்சில் படம் அச்சடிக்கிற சாயத்தின் வாடை அது. பனியன் கம்பெனிகள் சூழ்ந்த வேலம்பாளையத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அதுதான் புதுத்துணி வாசம், ஏனென்றால் நாங்கள் போட்டு வளர்ந்ததெல்லாம் கம்பெனியில் கழித்துப்போட்ட "ரிஜெக்ட் பீஸ்". ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, முதுகில் எண்ணெய்க்கறை என்று ஏதாவதொரு குறை இருக்கும். அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? அம்மா ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் மேசையில் நின்றாள். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஏதென்ஸில் ஒலிம்பிக்ஸ் நடந்த ஆண்டு, அவள் கொண்டுவந்த பன்னிரண்டு நீலப் பனியன்களில் இரண்டு கம்புகள் குறுக்காகப் போட்ட படம் இருந்தது. ஒவ்வொரு கம்பின் நுனியிலும் ஒரு பை. கீழே ஆங்கிலத்தில் லாக்ரோஸ் என்று ஏதோ வெளிநாட்டு ஆட்டத்தின் பெயர் எழுதியிருந்தது.

உண்மையில் கம்பு நுனியில் இருந்தது பையே இல்லை, பந்தை ஏந்துகிற வலை. சாயம் வழிந்து வலைக் கண்களை அடைத்துவிட்டதால்தான் அந்தப் பனியன்கள் கழிக்கப்பட்டன. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நானும், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜெபாவும், கட்டுக்கம்பியை வளையமாக வளைத்து மூங்கில் குச்சியில் கட்டி, வெட்டி எறிந்த துணியில் பை தைத்து, "பனியன் வேஸ்ட்" என்கிற துணிக் கழிவை இறுக்கிச் சுற்றிப் பந்தாக்கினோம். பைக்குள் விழுந்த பந்து லேசில் வெளியே வராது. ஆளே ஒரு சுற்றுச் சுற்றி உதறினால்தான் பறக்கும். இருந்தது பன்னிரண்டு பனியன் என்பதால் பக்கத்துக்கு ஆறு பேர். அடடா, அந்த ஜெபா பந்தை ஏந்திக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆட இடமில்லை. விளையாட்டு வகுப்பில் மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட்டுக்கு. பெண்பிள்ளைகள் எங்களுக்குப் புங்கமரத்தடியும், எல்லையைத் தாண்டி வருகிற பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிற வேலையும். பந்து பொறுக்கிப் பொறுக்கி எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் துணிந்து, எங்கள் கம்பையும் பையையும் பீ.டி. சாரிடம் காட்டினோம். அந்த ஆண்டு அவர் ஒலிம்பிக்ஸ் பைத்தியமாகத் திரிந்தார். கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இது ஒலிம்பிக்ஸ்ல இருக்குதா? இருந்தாச் சொல்லு, பாதி கிரவுண்டு உங்களுக்குத் தர்றேன். இல்லாட்டிப் பேசாமப் போய்ப் பந்தைப் பொறுக்குங்க."

அன்றைக்கே அம்மாவை நச்சரித்து, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற கம்பெனியின் மெர்ச்சண்டைசர் அண்ணனிடம் கேட்கச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிச் சொன்னதை அம்மா மறுநாள் வந்து ஒப்பித்தாள். நூறு வருடத்துக்கு முன்னால் இரண்டு தடவை பதக்கத்துக்கு ஆடியிருக்கிறார்கள், அப்புறம் சில தடவை சும்மா ஆடிக் காட்டியதோடு சரி, இப்போது இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெபாவோ கொஞ்சமும் அசரவில்லை.

"ஏட்டி, மொதப் பாதிய மட்டும் சொல்லு. மீதிய அவரு கேக்கவா போறாரு?"

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சார் எதிரே நின்றதும் மனப்பாடமெல்லாம் பறந்துபோனது. "இருக்குதா?" என்றார். "இருக்குங்க சார்" என்றேன். பாதி உண்மை சொல்லப் போனவள் முழுப்பொய்யைச் சொல்லிவிட்டு நின்றேன்; கால் வெடவெடவென்று நடுங்கியது.

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சுண்ணாம்புக்கோடு கிழித்துப் பாதி மைதானத்தைப் பிரித்துக் கொடுத்தார், முணுமுணுத்த பையன்களை விரட்டினார், விளையாட்டு விழாவில் எங்கள் ஆட்டத்தைச் சேர்த்து, வந்தவர்களிடமெல்லாம் "ஒலிம்பிக் கேமுங்க இது" என்று பெருமையடித்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் ஜெபாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். உண்மையைச் சொன்னால் மறுபடியும் புங்கமரத்தடிதான். சொல்லாவிட்டால் இந்த நல்ல மனிதர் என்னால் ஊருக்கு முன்னால் பொய் பேசுகிறார். சொல்லாமலேயே அந்தப் பள்ளியை விட்டு வந்தேன்.

அந்த மைதானத்தில் பாதியில் இப்போது வகுப்பறைக் கட்டிடம் நிற்கிறது. புங்கமரம் போய்விட்டது. லைன் வீடுகளை இடித்து மூன்று மாடி கட்டி, கீழே பிரிண்டிங் மெஷின் ஓடுகிறது. பன்னிரண்டு பனியன்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியாக ஒன்றைப் பார்த்தது, ஜெபாவின் அப்பா அதைக்கொண்டு வண்டி துடைக்கையில். ஜெபா இன்று அதே வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் அதிகாரி. போன மாதம் அவள்தான் கைப்பேசியில் ஒரு செய்தியை அனுப்பினாள்: லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் லாக்ரோஸ் திரும்பவும் வருகிறது, பெண்களுக்கும் உண்டு, பக்கத்துக்கு ஆறு பேர். ஆறு பேர்! பேருந்தில் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஓய்வு பெற்று இப்போது கணியூரில் தென்னை பார்த்துக்கொண்டிருக்கும் சாரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. அப்ப அந்த ஆட்டம் ஒலிம்பிக்ஸ்ல இல்லீங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அதெல்லாம் எனக்கு எங்க கண்ணு ஞாபகம்? கிரவுண்டு குடுத்தனா இல்லையா?"

"குடுத்தீங்க சார்."

"அப்புறமென்ன!" என்று சிரித்தவர், "இப்பவாச்சும் நெசமா இருக்குதா?" என்றார்.

"இருக்குங்க சார்" என்றேன். இந்தத் தடவை கால் நடுங்கவில்லை.