மச்சானை உட்கார வைக்க ஒரு யாட்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக வளைகுடாவில் ஒரு படகுத்துறையில் வேலை பார்க்கிறார். பணக்காரர்களின் யாட் என்கிற சொகுசுப் படகுகளைக் கழுவுவது, மெருகு போடுவது, பம்பு, வயர் பழுது பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அங்கே முதலாளியை அர்பாப் என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையானால் அர்பாபுகள் குடும்பத்தோடு வந்து ஏறுவார்களாம். இவர் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கரையில் நிற்பாராம்.

இந்த நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாத லீவில் வந்தவர், ஒரு நாள் மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு தடவ, உன்னையும் உம்மாவையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டு, நானும் அதுல சும்மா உக்காந்து போவணும்." கையில் துடைக்கிற துணியில்லாமல், சும்மா. இந்தப் பயணத்துக்குக் காரணம் அவ்வளவுதான். லீவு முடிய ஐந்து நாள் இருந்தது.

தூத்துக்குடியில் யாட் வாடகைக்குக் கிடைக்கும் என்று போனில் பார்த்து, நானே பேசினேன். ஓனர் ஸலாம் சொல்லித் தொடங்கினார், அக்கா முறைக்கு என்னை லாத்தா என்றார், நானும் அண்ணன் முறைக்குக் காக்கா என்றேன்; வரிக்கு வரி இன்ஷா அல்லாஹ் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கத்தரிக்காயைக் காம்பு வரை திருப்பிப் பார்த்து வாங்குகிறவள், பதினோராயிரம் ரூபாய் விஷயத்தில் படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்கு மணி நேரம், ஆறு பேர் வரை, கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில் இறங்கி ஒரு மணி நேரம், ஏசி கேபின். படங்களில் படகு பால் போல இருந்தது.

சுபுஹு தொழுதுவிட்டு ஐந்தே முக்காலுக்குக் காயல்பட்டினத்தில் வேன் ஏறினோம். நான், மச்சான் என்று நான் கூப்பிடும் வீட்டுக்காரர், அவருடைய உம்மாவான என் மாமி, ஒன்பதாவது படிக்கும் மகள் நஸ்ரின். முப்பத்தைந்து கிலோமீட்டர், போக வர வேனுக்கு இரண்டாயிரத்து நானூறு. இடியாப்பமும் கறி ஆணமும் தூக்குவாளியில், தேயிலை பிளாஸ்கில். ஏழு மணிக்குத் துறைமுகத்துக்கு வடக்கே அந்தத் தனியார் படகுத்துறையில் நின்றோம்.

படத்தில் இருந்த படகுதான். ஆனால் படம் எடுத்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். பக்கவாட்டில் பாசி, கம்பிகளில் துரு, இருக்கை மெத்தைகளில் பூஞ்சைக் காளான். கழிவறைக் கதவை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏசி இருந்தது, ஓடவில்லை. லைஃப் ஜாக்கெட் ஆறில் நான்கு வார் அறுந்தவை. நல்ல இரண்டை மாமிக்கும் மகளுக்கும் மாட்டினேன். மச்சான் அறுந்த வார்களை இழுத்து முடிச்சுப் போட்டு எங்கள் இருவருக்கும் ஒப்பேற்றினார்.

மாமி மெத்தையை முகர்ந்து பார்த்தார். "ஏலே, இதுவா யாட்டு? நம்மூரு மினி பஸ்ல இதவிட நல்ல சீட்டு கெடக்கு."

மச்சான் சிரித்தார்.

படகு டிரைவர் பெலிக்ஸ் என்ற நாற்பது வயதுக்காரர், கடற்கரை ஆள், மரியாதையாகப் பேசினார். எஞ்சினை முடுக்கும் முன் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் பயண துஆ ஓதினோம். ஒரே படகுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மனுப் போய்விட்டது.

ஏழு இருபதுக்குக் கிளம்பினோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் அரை மணி நேரம் அருமை. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. நிலக்கரிக் கப்பல் ஒன்று ஒரு தெரு நீளத்துக்கு நின்றது. அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் சின்னதாகிக்கொண்டே போயின. "தீவுல எத்தன மணிக்கு எறங்குவோம் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எறங்க வுட மாட்டாவ யக்கா. வனத்துறை புடிச்சிருவாவ. தூரத்துல நின்னு பாத்துட்டு வர வேண்டியதுதான்."

"ஓனர் எறங்கலாம்னு சொன்னாரே?"

"அவரு கரையில இருந்து சொல்லுதாரு."

எட்டு மணி இருக்கும். கேபினுக்குள் போன நஸ்ரின், "உம்மா, காலு நனையுது" என்று கத்தினாள். பெலிக்ஸ் வந்து தரைப் பலகையைத் தூக்கினார். உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர், எண்ணெய் மினுமினுப்போடு ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை. செருப்பைக் கழற்றிப் பம்பின் தலையில் ரெண்டு போட்டார். "நேத்து ஓடிச்சே!"

ஓனருக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் தண்ணி எந்தப் படகுலயும் கெடக்கும் லாத்தா. தவக்குல் வைங்க, பாரத்த அல்லாஹ் மேல போடுங்க, அவன் பாத்துக்குவான்."

எனக்கு வந்ததே கோபம். "காக்கா, தவக்குல் நான் வச்சுக்கிடுதேன். நீங்க பம்பு வைங்க." போனை வைத்தேன். பெலிக்ஸிடம் திருப்பச் சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் புள்ள," என்றார் மச்சான். "அந்தா தீவு தெரியுது பாரு. பாத்துட்டே போவோமே."

படகு வேலை தெரிந்த மனிதர் இப்படிப் பேசமாட்டார். திரும்பிப் பார்த்தேன். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏறும்போதே தெரியும். பின்பக்கம் தாழ்ந்து கெடந்துச்சு."

"சொன்னா என்ன?"

"சொன்னா நீ ஏற மாட்ட."

பெலிக்ஸ் பக்கம் திரும்பினேன். "திருப்புங்க அண்ணாச்சி" என்றேன். படகு திரும்பியது. மச்சான் எழுந்து பேண்ட்டை மடித்துவிடத் தொடங்கினார். வாளியைத் தேடிக் கை நீண்டது. நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க உக்காருங்க."

"ஒனக்கு என்ன தெரியும் இதுல?"

"தண்ணிய அள்ளி வெளிய ஊத்தத் தெரியும். எத்தன மழைக்கு வீட்டுக்குள்ள அள்ளியிருக்கேன். உக்காருங்க மச்சான்."

உட்கார்ந்தார். அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், கட்டிக்கொண்டார், மறுபடி முழங்காலில் வைத்தார். நான் உடுப்பின் கைகளைச் சுருட்டிவிட்டு அள்ளினேன். நஸ்ரின் வாளியை வாங்கி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் மச்சானால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "அண்ணாச்சி, எஞ்சின நிறுத்திட்டு வாங்க. காத்தாடியச் சுத்துற தண்டு வெளிய போற எடத்துலதான் ஒழுகும், அங்க ரெண்டு நட்டு இருக்கும். ரெண்டையும் ஒரே அளவா, கால் சுத்து முடுக்குங்க. கூட வேணாம்." பெலிக்ஸ் குனிந்து முடுக்கினார். ஒழுக்கு சொட்டாகக் குறைந்தது. படகு மெதுவாகக் கிளம்பியது.

மாமி கையில் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாரு, எம்மவன் அர்பாப் ஆயிட்டான். பொண்டாட்டி கிளீனர் ஆயிட்டா."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்தப் பூஞ்சை மெத்தையில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, "ஏ கிளீனரு, ஒரு தேயில கெடைக்குமா?" என்றார். ஈரக் கையோடு ஊற்றிக் கொடுத்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல் குடித்தார். கரை வரும்வரை எழவில்லை.

ஒன்பதேகாலுக்குத் துறையை அடைந்தோம். அடுத்த சவாரிக்குச் சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தது. நான் அவர்களை நோக்கிப் போனதும் பெலிக்ஸ் பின்னாலேயே வந்தார். "யக்கா, எம் பொழப்பு யக்கா."

"ஒங்க உசுருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். நடுக்கடல்ல நின்னா ஓனரா வந்து நீந்துவாரு?"

பலகையைத் தூக்கி உள்ளே இருந்த தண்ணீரை அந்தப் பிள்ளைகளின் தகப்பனாருக்குக் காட்டினேன். அவர் பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ், "ஏறாதீய சார்" என்றார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ஓனர் அன்று மாலை பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். நான் தினமும் போன் செய்ததில் நான்காம் நாள் புதுப் பம்பு ஓடுகிற வீடியோவும் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: முன்பணம் கொடுக்கும் முன் நேரில் போய்ப் படகைப் பாருங்கள். தரைப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள், பம்பை உங்கள் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். ஜாக்கெட்டை ஒவ்வொருவரும் போட்டு, வாரை இழுத்துப் பாருங்கள். தீவில் இறக்குவோம் என்று யார் சொன்னாலும் வேறு ஆளைப் பாருங்கள். காலை நேரமே நல்லது. பேசுகிறவர் அல்லாஹ் பெயரைச் சொன்னாலும் மாதா பெயரைச் சொன்னாலும் ஆமீன் சொல்லிவிட்டு, பலகையைத் தூக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் கடல் வேலை தெரிந்தவராக இருந்தால் இன்னும் ஒன்று. "படகு எப்படி?" என்று அவரிடம் கேட்காதீர்கள். ஆசைக்கு அவர் பொய் சொல்லிவிடுவார். "இதுல ஒங்க உம்மாவ ஏத்தலாமா?" என்று கேளுங்கள்.