அப்பா ஏன் உட்கார்ந்திருந்தார்

அப்பா குடித்ததில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் அவர் பிறந்த ஊரை எழுதுவேன்.

பிறந்தது சித்தையன்கோட்டை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தனியார் பஸ்ஸில் கண்டக்டரானார். ஊருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே முப்பத்தோரு வருடம் நின்றபடியே போய்வந்தார். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். அந்த பஸ்ஸின் டிரைவர் சவரிமுத்து மாமா. வேலையை விட்ட பிறகும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு திருப்பலியில் இருவருக்கும் ஒரே பெஞ்சுதான்.

அறுபத்தாறு வயதில் அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்ததால் எல்லோரும் இரக்கப்பட்டார்கள். ஆனால் அவரைப் படுத்தியவை கண்ணுக்குத் தெரியாதவை. கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே மலச்சிக்கல் இருந்தது. பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போனது. டிரிப் முடியும்வரை அடக்கிக்கொண்டு நின்ற மனிதர், கழிவறைக்கு நாலடி இருக்கும்போது வேட்டியை நனைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்பார். அம்மா வேறு வேட்டி எடுத்துத் தருவார். இதையெல்லாம் இந்த நினைவு மலரில் போடலாமா என்று தம்பி கேட்டான். போடத்தான் வேண்டும். மறைத்து மறைத்துத்தான் நாங்கள் கெட்டோம்.

அடுத்து வந்தது மயக்கம். ஒரு ஞாயிறு நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அப்பாவும் எழுந்தார். அல்லேலூயா பாடி முடிவதற்குள் முன் பெஞ்சின் மேல் சரிந்தார். நெற்றியில் மூன்று தையல். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் விழுந்தார். அன்றைக்குக் கோயில் வாசலில் உறவினர் ஒருவர், “காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரா அண்ணன்?” என்று சிரித்தார். அவர் பெயரை எழுதவில்லை. இதை அவரும் படிப்பார்.

அப்பாவின் காதில் அது விழுந்தது. “நின்னா விழுறேன். விழுந்தா குடிகாரங்கிறாக. நான் வரல தாயி” என்றார். அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

மற்றவர்களைத் திட்டுகிற நான் செய்ததையும் சொல்கிறேன். பக்கத்து கிளினிக்கில் அப்பாவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார்கள். அதிகம் என்று சொல்லி, அவர் முன்பே சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையைக் கூட்டினார்கள். நான் வீட்டில் உப்பை நிறுத்தினேன்.

“ஏம்மா, இந்த ரசத்து மேல ஒனக்கு என்ன கோவம்?” என்பார் அப்பா.

“பேசாமச் சாப்பிடுங்கப்பா” என்று அதட்டுவேன்.

ஐந்து மாதம் அப்படித்தான். அவர் முன்னைவிட அதிகமாக விழுந்தார்.

கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். அந்த டாக்டரம்மா அப்பாவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நூற்றைம்பது. எழுப்பி நிற்கவைத்து, மூன்று நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார். எண்பது.

“நிக்கும்போது பிரஷர் எறங்காமப் பாத்துக்கிற நரம்பும் இந்த நோயில கெட்டுப்போகுது. மலம், சிறுநீர், வேர்வை எல்லாமே அதே வகை நரம்புங்க வேலைதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இவரை நிக்கவச்சு யாருமே பிரஷர் பாக்கலையா?” என்று கேட்டார். உப்பை நிறுத்தியதையும் சொன்னேன்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். அப்பாவுக்கு உப்பு வேண்டும் என்றார். எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும், கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும் என்றார். விழுவது குறைந்தது. ஆனால் நெடுநேரம் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஐந்து மாத ரசத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். “இப்ப உப்பு போட்டுட்டேல்ல, விடு” என்றார்.

கோயிலுக்கு மட்டும் மறுத்தார். ஊரே நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வார்கள் என்றார். விஷயம் தெரிந்து சவரிமுத்து மாமா வீட்டுக்கு வந்தார்.

“ஏப்பா கண்டக்டரு, முப்பத்தோரு வருசம் நீ நின்னுக்கிட்டு வந்த, நான் உக்காந்துக்கிட்டுத்தான வந்தேன். எவனாச்சும் என்னைய ஒரு வார்த்தை கேட்டானா? சட்டையப் போடு.”

அந்த ஞாயிறு நற்செய்திக்கு எல்லோரும் எழுந்தார்கள். அப்பா எழவில்லை. அவர் பக்கத்தில் மாமாவும் எழவில்லை. திரும்பிப் பார்த்தவர்களை மாமா முறைத்த முறைப்பில் அவர்கள் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா நடுங்கும் கையால் நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருவரும் அப்படியே உட்கார்ந்து நற்செய்தி கேட்டார்கள்.

முடிவில் விழுங்குவதும் சிரமமாகியது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலைப் பெற்று, அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

நிற்கவைத்துப் பார்த்த மருத்துவருக்கும், அந்த ஒன்பது நாளும் முகம் சுளிக்காமல் துணி மாற்றிய செவிலியர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த பஸ் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சவரிமுத்து மாமாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆனாலும் சொல்கிறோம்.

முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நற்செய்தியின்போது யாராவது எழாமல் இருந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த பெஞ்சில் இடம் இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

— மகள்